தலைவர் ஷீல்ட் வழியே கண்டது

அத்தியாயம் 9

மாத்தளை மாவட்டத்தின் நகர, கிராம, தோட்டவாழ் பெருமக்கள் அனைவருக்கும் மிகுந்த மகிழ்ச்சியுடன் அறியத் தரப்படுவது: அகில இலங்கை சமாதான நீதவானும், உக்குவளை நாவலடி மரண உதவிச் சங்கத்தின் ஆயுட்காலத் தலைவரும், சமூகச் செம்மலுமாகிய இராசமாணிக்கம் அவர்களின் மோட்டார் சைக்கிளுக்கு, தைப்பொங்கலுக்கு மறுநாள் சுபவேளையில், காற்றுத் தடுக்கும் கண்ணாடி ஒன்று முன்பக்கம் பூட்டப்பட்டது.

நாடா வெட்டப்பட்டது. குத்துவிளக்கு ஏற்றப்பட்டது. டயருக்கு அடியில் எலுமிச்சங்காய் வைத்து நசுக்கப்பட்டது. தேங்காய் முதல் அடியில் உடையவில்லை. இரண்டாவது அடியில் உடைந்தது. முதல் அடியை வீடியோவிலிருந்து நீக்கிவிட்டார்கள். டுபாயிலிருந்து மருமகன் அனுப்பிய அந்த ஷீல்டை, பலாபத்வலையில் பெருந்தெருவோரம் கராஜ் வைத்திருக்கும் அன்ஸாப் பூட்டினான். தலைவர் உரையாற்றினார். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் தலைமைத்துவம் சாயக்கூடாது என்பது உரையின் சாரம். பெருந்தெருவில் போன லொறிகள் மீதியைக் கொண்டுபோய்விட்டன.

இரண்டு மாதம் கழித்து அந்த ஷீல்ட் ஒரு மனிதனைக் கள்வனாக்கியது.

துப்பறிவாளர் கலந்தரின் அலுவலகம் மாத்தளைப் பட்டணத்தில் ஒரு மிளகுக் கடையின் மேல்மாடி. கீழே மிளகு புடைக்கும்போதெல்லாம் மேலே வழக்குச் சொல்ல வந்தவர்கள் தும்முவார்கள். உண்மை பேசுகிறவன் மூன்று தும்மலுக்கு மேல் போகமாட்டான் என்பது கலந்தரின் ஆராய்ச்சி முடிவு. அவர் முன்பு ஒரு லீசிங் கம்பெனிக்காக, தவணை கட்டாதவர்களின் மோட்டார் சைக்கிள்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர். ஒளித்து வைத்த சாமானைக் கண்டுபிடிக்கும் கலை அங்கேதான் கைவந்தது என்று சொல்லிக்கொள்வார். அநேகமாக எல்லாச் சாமானும் ஆட்டுக் கொட்டிலில்தான் இருந்தது என்பதைச் சொல்லமாட்டார்.

றிப்கா அவருடைய மூத்த சகோதரியின் மகள். காப்புறுதிக் கம்பெனியின் கவுண்டரில் பல வருடம் இருந்து, சனங்கள் சொல்லும் பொய்களைக் கேட்டுக் கேட்டு அலுத்து, இனிக் கேட்கிற பொய்யாவது சுவாரசியமாக இருக்கட்டும் என்று மாமாவிடம் வந்து சேர்ந்தவள். ஸ்கூட்டி அவளுடையது. ஆகவே விசாரணையின் வேகமும் திசையும் அவளுடையவை. பின்னால் உட்காரும் மாமா மூளையைக் கொண்டுவருவார். சில நாள் குடையையும்.

அன்று காலை வந்த பாலாமணி ஒரு தடவைகூடத் தும்மவில்லை. அறுபது வயதுக்கு நிமிர்ந்து உட்கார்ந்து, எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தாள்.

"நான் செத்தா எம் பொணத்துக்குக் கதிரை வராதுங்க சேர்."

கலந்தர், அவளுக்கு இன்னும் நிறையக் காலம் இருக்கிறது என்று ஆறுதல் சொன்னார்.

"காலம் இருக்குங்க. கதிரைதான் இல்ல."

அவள் சொன்னது இது. அவளுடைய மகன் அஜந்தன் நாவலடிச் சங்கத்தின் களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்கிறவன். யார் வீட்டில் சாவு நடந்தாலும் கதிரை, கூடாரம், மின்விசிறி, சுடுதண்ணிப் பானை எல்லாம் அவன் கையால்தான் போகும், அவன் கையால்தான் வரும். போன கிழமை ஒரு சாவு. பிணத்தின் தலைமாட்டில் வைக்கிற சங்கத்துக் குத்துவிளக்கைத் தேடினால் காணவில்லை. அதற்கு முன் இரண்டு மாதமாக நாவலடியில் யாரும் சாகாததால், விளக்கு எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது.

தலைவருக்குத் தெரிந்திருந்தது. சாவுக்கு முந்திய செவ்வாய்க்கிழமை காலை மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தபோது, அஜந்தன் அந்த விளக்கைத் த்ரீவீலரில் ஏற்றியதைத் தன் கண்ணால் பார்த்ததாக அவர் நிர்வாகக் குழுவில் அறிவித்தார். அஜந்தன் ஏற்றியது ஒரு நிற்கிற மின்விசிறி. காய்ச்சலில் கிடந்த ஒருவர் வீட்டுக்குப் போய், ஆள் குணமானதும் திரும்பி வந்துவிட்டது. ஆனால் மின்விசிறிக்கு வாய் இல்லை. தலைவருக்கு இருந்தது.

"'என் ஷீல்ட் வழியா தெள்ளத் தெளிவா பாத்தேன், சூடம் அடிச்சுச் சத்தியம் பண்றேன்'ங்கிறாரு. ஞாயித்துக்கெழம கூட்டம் போட்டு எங்க குடும்பத்துப் பேர வெட்டப் போறாங்க."

பெயர் வெட்டினால் கதிரை மட்டும் நிற்காது என்பது றிப்காவுக்கும் தெரியும். சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவன் வீட்டுச் சாவுக்கு ஊர் வேலி வரை வந்து, துக்கத்தை வேலியிலேயே தொங்கவிட்டுத் திரும்பிவிடும். தூக்க நாலு பேர் வேண்டும். நாலு பேரை வாடகைக்கு எடுக்கலாம். அழ எடுக்க முடியாது.

களஞ்சியச் சாவி யாரிடம் இருக்கும் என்று றிப்கா கேட்டாள். பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஆணியில் தொங்கும் என்றாள் பாலாமணி. யார் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். சாவு நேரம் பார்த்தா வருகிறது? கலந்தர் கையை உயர்த்தி, சாவியைப் பற்றிய பேச்சு வழக்குக்கு அவசியமில்லை என்று தீர்ப்பளித்தார்.

"தலைவர நேரா விசாரிப்போமா மாமா?"

"ஏலாது மகள். சமாதான நீதவான். அவருக்கு எதிரா ஒரு சத்தியக் கடதாசி கொடுக்கிறதுன்னாலும் அதுல ஒப்பம் வைக்க ஒரு சமாதான நீதவான் வேணும். அவங்கெல்லாம் ஒரே கூட்டம்." குடையை எடுத்துக்கொண்டார். "ஷீல்ட விசாரிப்போம்."

"ஷீல்ட் பொய் சொல்லாதே."

"சொல்லாது. ஆனா அதப் பூட்டினவன் ஒருத்தன் இருப்பான்."

பலாபத்வலைக்குப் போகிற வழியெல்லாம் மாமா பின்னாலிருந்து தன் கருதுகோளை விளக்கிக்கொண்டு வந்தார். அதில் கோணம், விளிம்பு, ஒளி என்ற சொற்கள் அடிக்கடி வந்தன. பங்குனி வெயில் தார் வீதியில் தண்ணீர்போல் நெளிந்தது. தூரத்து மலையில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. றிப்கா பாதியைத்தான் கேட்டாள். ஹெல்மெட்டின் பெரிய பயன் தலையைக் காப்பது அல்ல என்பது அவளுடைய அனுபவம்.

அன்ஸாப் அடக்கம் என்ற நோய் ஒருநாளும் அண்டாத ஆள். கராஜ் சின்னது, வாய் பெரியது. வாசலில் ஒரு நிற்கிற மின்விசிறி அவன் முதுகுக்கு மட்டும் காற்றடித்துக்கொண்டிருந்தது. மூலையில் நெஞ்சளவு உயரத்தில், குமிழ்ப் பொலித்தீன் சுற்றி நாடாவால் கட்டிய தண்டு ஒன்று நின்றது. ஹெல்மெட் வைக்க வசதியாக இருந்ததால் றிப்கா தன்னுடையதை அதன் தலையில் கவிழ்க்கப் போனாள்.

"அதுல வேணாம் தங்கச்சி," என்றான் அன்ஸாப். "அது தலைவர் ஹெல்மெட் வெக்கிற எடம். மத்தவங்கட வெச்சா அவருக்குப் புடிக்காது."

ஆகவே றிப்காவின் ஹெல்மெட் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தது. அந்தஸ்துக்கு ஏற்ற ஆசனம்.

கலந்தர் விசாரணையைத் தொடங்கினார். அன்ஸாப், இந்த வீதியில் யாழ்ப்பாணம் வரைக்கும் போனாலும் தன்னைப்போல் ஷீல்ட் பூட்டுகிறவன் கிடையாது என்று தொடங்கினான். அதற்கப்பால் கடல் என்பதால் மேற்கொண்டு உரிமை கோரவில்லை. நாலு போல்ட்டை இறுக்குவதுதானே என்று நினைப்பவர்கள் மீது அவனுக்கு இரக்கம். ஹேண்டிலில் இரண்டு பிடி. பிடிக்கும் ஷீல்டுக்கும் நடுவில் ரப்பர் வொஷர். கூட இறுக்கினால் வெடிக்கும், குறைய இறுக்கினால் நடுங்கும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, பிரேக் வயரில் உரசுகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகுதான் உயரம். ஓட்டுகிறவன் நிமிர்ந்து உட்கார்ந்தால் மேல் விளிம்பு அவன் மூக்கு நுனிக்கு நேரே நிற்கவேண்டும். காற்று விளிம்பில் ஏறித் தலைக்கு மேலால் போகும். கண் விளிம்புக்கு மேலால் வீதியைப் பார்க்கும்.

கலந்தர் குடையைத் தரையில் தட்டினார். அவர் எதிர்பார்த்த இடம் வந்துவிட்டது.

"அப்ப தலைவர் ஷீல்ட் வழியா பாக்கவே இல்ல. மேலால பாத்திருக்கார். சொன்னது பொய்."

"மேலால பாத்தா இன்னும் நல்லாத் தெரியுமே மாமா," என்றாள் றிப்கா.

கலந்தர் குடையைத் தட்டுவதை நிறுத்தினார்.

அன்ஸாப் அவருடைய கருதுகோளின் மிச்சத்தையும் துடைத்தெடுத்தான். மூக்கு நுனி உயரம் தலைவருக்குப் பிடிக்கவில்லையாம். பூட்டிய மறு கிழமையே திரும்பி வந்து, ஒரு தலைவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பதுபோல் வீதியைப் பார்ப்பதா என்று கேட்டாராம். பிடியை மேலே தூக்கி, ஷீல்டை அவர் உச்சந்தலைக்கு மேல் ஏற்றிக் கொடுத்தானாம். ஆகவே தலைவர் பார்ப்பது எதுவானாலும் ஷீல்டுக்கு உள்ளாலேயே பார்க்கிறார். சாட்சி சொன்னது அச்சொட்டாகச் சரி.

ஒரு சாட்சியைப் பொய்யராக்க வந்து, அவரை உண்மையாளராக்கிக் கொடுத்துவிட்ட கலந்தர், குடையின் பிடியைத் துடைக்கத் தொடங்கினார். பாலாமணியின் கதிரைகள் ஒவ்வொன்றாக மடிக்கப்பட்டு லொறியில் ஏறுவது றிப்காவின் கண்ணுக்குத் தெரிந்தது.

"அதோட உட்டாரா?" என்று அன்ஸாபே தொடர்ந்தான். வேலை பற்றிய பேச்சை அவனால் பாதியில் நிறுத்த முடியாது. மாசி மாதம் தலைவர் திரும்ப வந்து, பனி மூட்டத்துக்கு என்று மஞ்சள் லைட் ஒன்று பூட்டச் சொன்னாராம். பூட்டினான். போன கிழமை வந்து, ஷீல்டுக்கு வைப்பர் வேண்டும் என்றாராம். பைக்குக்கு வைப்பர் போட ஏலாது என்று சொல்லியிருக்கிறான். மாத்தளையில் பனி இப்படிக் கூடிக்கொண்டு போவது பற்றி அரசாங்கத்துக்கு எழுதப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம்.

றிப்கா வெளியே பார்த்தாள். வீதிக்கு அந்தப் பக்கம் நாய் ஒன்று நிழல் தேடி லொறிக்கு அடியில் புகுந்துகொண்டிருந்தது.

"மாமா, இந்த மாசம் எங்க பனி?"

"உக்குவளைப் பக்கம் இருக்கும்."

"நேத்து உக்குவளையில எனக்கு வேர்த்துக் கொட்டிச்சி."

கலந்தர் பதில் சொல்லுமுன் ஹோர்ன் சத்தம் கேட்டது. தலைவர் வந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முன் ஷீல்டை இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொள்ள வரப்போவதாகக் காலையிலேயே அறிவித்திருந்தார். மணிக்கு ஒரு மாட்டு வண்டியின் வேகத்தில், மஞ்சள் லைட்டை எரியவிட்டு, நல்ல வெயிலுக்குள்ளால் கராஜைக் கடந்து போனார். சற்றுத் தூரம் போய்த் திரும்பி வந்து, பக்கத்துக் கடை வாசலில் நின்றார். அங்கே தொங்கிய செவ்விளநீர்க் குலையைப் பார்த்து, "அன்ஸாப்" என்று கம்பீரமாக அழைத்தார். குலை பேசாமல் இருந்தது. அன்ஸாப்தான் ஓடிப்போய் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

ஷீல்ட் பெரியது. அரைவாசிக் கதவு அளவு. லேசாகப் பால் ஊற்றிய மாதிரி வெள்ளைப் பூத்திருந்தது. அது டுபாய் நிறம் என்று உக்குவளை பேசிக்கொண்டது. தலைவர் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றினார். அன்ஸாப் அதை இரு கையாலும் வாங்கி, மூலையிலிருந்த தண்டின் தலையில் மரியாதையுடன் கவிழ்த்தான். தலைவர் மூக்கில் புது மூக்குக் கண்ணாடி. தடிப்பானது. அதன் வரலாற்றையும் அவரே சொன்னார். முதல் இரண்டு டாக்டர்களும் கண்ணில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம், கைதேர்ந்தவர்கள் அல்ல. மூன்றாவது டாக்டர்தான் குறையைக் கண்டுபிடித்தார். அவருக்குச் சொந்தமாக ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருந்தது.

றிப்கா மாமாவின் காதில் ஏதோ சொன்னாள். கலந்தர் தொண்டையைச் செருமினார். இந்த மாதிரி வேலைக்கு அவரை விட்டால் ஆள் இல்லை. மாண்புமிகு தலைவர் அவர்களின் கூர்மையான பார்வை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சான்றாக விளங்கப்போவதால், அதை முன்கூட்டியே ஆவணப்படுத்தும் பாக்கியம் தங்களுக்குக் கிட்டவேண்டும் என்றார். ஆவணம் என்ற சொல் தலைவருக்குப் பிடித்திருந்தது. மோட்டார் சைக்கிளில் ஏறி, ஷீல்டுக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

றிப்கா மாமாவின் குடையை எடுத்துக்கொண்டு வீதியைக் கடந்து, எதிர்ப்பக்கம் போய் நின்றாள். குடையைச் சுருக்கி நேரே பிடித்தாள்.

"என்ன தெரிகிறது தலைவரே?" என்றார் கலந்தர்.

தலைவர் தாமதிக்கவில்லை. "வயதான ஒருவர் பொல்லை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்."

அந்த வயதானவர் திரும்பி வந்து குடையைக் கொடுத்துவிட்டு, அன்ஸாபின் மின்விசிறி வயரைச் சுவரிலிருந்து கழற்றி, மின்விசிறியைத் தூக்கினாள். லொறி ஒன்று வேகம் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனது. அவள் எதிர்ப்பக்கம் மின்விசிறியைத் தரையில் நிறுத்தி, பக்கத்தில் நின்றாள்.

இந்தத் தடவை தலைவர் குரல் உயர்ந்தது.

"குத்துவிளக்கு. அதேதான், சங்கத்து விளக்கு. அன்றைக்கும் இப்படித்தான் நின்றது. அதோ அவனும் நிற்கிறான். பிடியுங்கள் அவனை."

யாரும் யாரையும் பிடிக்கவில்லை. றிப்கா சங்கத்து விளக்கைத் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்து வந்தாள். தலைவருக்குப் பக்கத்தில் நிறுத்தி, வயரைச் சுவரில் செருகினாள். சங்கத்து விளக்கு சுழன்று தலைவர் முகத்தில் காற்றடித்தது.

தலைவர் ஷீல்டுக்குப் பக்கவாட்டால் தலையை நீட்டி அதைப் பார்த்தார். திரும்ப ஷீல்டுக்குள்ளால் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் சமாதான நீதவான் யாரும் அங்கே இருக்கவில்லை. வண்டியில் ஒரு வயதான மனிதர் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"கண் போயிட்டுதுன்னு நெனச்சேன்," என்றார் மெதுவாக. மேடைத் தமிழ் எங்கேயோ போய்விட்டிருந்தது. "வீட்டுல சொல்லல. குருடன எவன் தலைவரா வெச்சிருப்பான்?"

"அஜந்தன்னு எப்படிக் கண்டீங்க?" என்று கேட்டாள் றிப்கா.

"களஞ்சியத்துக்கு முன்னால நின்னா அவனாத்தானே இருக்கணும். அவன்னா கையில சங்கத்துச் சாமான். காணாமப் போன சாமான் வெளக்கு." கணக்கு அவருக்கு அப்போதும் சரியாகவே பட்டது.

அவரை இறங்கச் சொல்லிவிட்டு றிப்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஷீல்டுக்குள்ளால் பலாபத்வலை முழுவதும் தேங்காய்ப் பாலில் கிடந்தது. விரலால் தேய்த்தாள், போகவில்லை. உட்பக்கம், வெளிப்பக்கம் இரண்டையும் தடவினாள். போல்ட்டுக்குக் கீழே ஒரு மூலையில் நகம் சிக்கியது. இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தத்துடன் பொலித்தீன் உறை ஒன்று, பாம்புச் சட்டைபோல், மேலிருந்து கீழ் வரை உரிந்து வந்தது. மறுபக்கத்திலும் ஒன்று இருந்தது. அதையும் உரித்தாள்.

தலைவர் எட்டிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்துக் கடைப் பலகையின் எழுத்து ஒவ்வொன்றும் தெரிந்தது. லொறிக்கு அடியில் நாய் தெரிந்தது. தூரத்து மலையில் மரம் தெரிந்தது.

"பனி விலகிவிட்டது," என்று அறிவித்தார்.

அன்ஸாபுக்கு ஆச்சரியமே இல்லை. உறை இருப்பது அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

"நீங்கதானே தலைவரே கழட்ட வேணான்னு சொன்னீங்க? வந்த மாதிரியே இருக்கணும், எங்கூட்டு சோபா செட்டியில, டீவி ரிமோட்டுல, கார் சீட்டுல எல்லாம் இன்னும் உறை அப்புடியே ஈக்கின்னு சொன்னீங்க. அது வெயில்ல வெந்து வெள்ளையாகிட்டு வந்திச்சி. பெரிய மனுசன், தெரிஞ்சுதான் ஓட்டுறாருன்னு உட்டுட்டேன்."

அது உண்மை. உறை கழற்றினால் புதுசு போய்விடும் என்பது தலைவரின் குடும்பக் கொள்கை. உறை முதலில் தெளிவாகத்தான் இருந்தது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்ததால், உலகம்தான் வெளுக்கிறது என்று எடுத்துக்கொண்டார்.

கலந்தர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வழக்கு முடிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தார். தலைவர் முந்திக்கொண்டார். கண் திரும்பி வந்ததோடு மேடைத் தமிழும் திரும்பி வந்திருந்தது.

"நான் கண்டது மின்விசிறியாகவே இருக்கட்டும். ஆயினும் விளக்கைக் காணவில்லை என்பது காணவில்லைதானே? களஞ்சியத்துக்குப் பொறுப்பு அஜந்தன். சங்க யாப்பில் தெளிவாக இருக்கிறது. சங்கத்துச் சாமானைச் சொந்தத் தேவைக்கு எடுத்தவன், எடுக்க இடம் கொடுத்தவன், இருவர் பெயரும் வெட்டப்படும். யாப்பை எழுதியவன் நான்."

இவ்வளவு பாடுபட்டும் பாலாமணியின் பிணம் இன்னும் நின்றுகொண்டேதான் இருந்தது. உட்காரக் கதிரை இல்லை.

கலந்தர் இந்தச் சவாலை ஏற்று, திருடனின் உருவத்தை வரையத் தொடங்கினார். இது உள்ளூர் வேலை அல்ல. பழைய பித்தளை வாங்கும் ஒரு கூட்டம் கண்டியிலிருந்து இயங்குகிறது. தலைவன் இடக்கை வழக்கமுள்ளவன், உயரமானவன், விளக்கு இந்நேரம் கொழும்பைத் தாண்டி, கப்பலேறி, ஒரு வெள்ளைக்காரன் வீட்டு வரவேற்பறையில் நின்றுகொண்டிருக்கும். அவர் விளக்கை இன்னும் தூரம் அனுப்பியிருப்பார். தலைவருக்கு நேரமாகிவிட்டது. அவர் மூலைக்குப் போய்த் தன் ஹெல்மெட்டை எடுத்தார். புதிதாகக் கிடைத்த பார்வையின் உற்சாகத்தில் கொஞ்சம் வேகமாக எடுத்தார். தண்டு ஆடியது. சாய்ந்தது. சீமெந்துத் தரையில் விழுந்தது.

பித்தளைக் குத்துவிளக்கு விழும் சத்தம் வேறு எதிலிருந்தும் வராது. கிண்ணென்று எழுந்து, கராஜைச் சுற்றி, நிதானமாக அடங்கியது. கலந்தர் கப்பலை நடுக்கடலில் நிறுத்தினார்.

றிப்கா குந்தி உட்கார்ந்து, குமிழ்ப் பொலித்தீனைக் கிழித்தாள். ஐந்து முகம். அடியில் சங்கத்தின் பெயர் பொறித்திருந்தது. ஒரு முகத்தில் கருகிய திரி இன்னும் ஒட்டியிருந்தது.

"ஓ, இது தலைவர்ட வெளக்கு," என்றான் அன்ஸாப்.

அவன் கதை சுருக்கம். திறப்பு விழாவுக்குத் தேங்காய், எலுமிச்சங்காய், மாலை, விளக்கு எல்லாம் நீயே ஏற்பாடு செய் என்று தலைவர் போனில் சொல்லியிருக்கிறார். மற்றதெல்லாம் கடையில் இருந்தது. விளக்குக்கு எங்கே போவது? தலைவர்தானே சங்கத்துக்கும் தலைவர் என்று உக்குவளைக்குப் போய், தேத்தண்ணிக் கடையில் சாவியைக் கேட்டு, களஞ்சியத்தைத் திறந்து எடுத்துவந்துவிட்டான். அது எந்த வீட்டுக்குப் போகிற விளக்கு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் மார்க்கத்தில் விளக்கு வைக்கும் வழக்கமே இல்லை. விழா முடிந்ததும் தலைவர் மாலையோடு ஏறிப் போய்விட்டார். விளக்கு நின்றுவிட்டது. கிறீஸ் படாமல் புதுசு மாதிரியே இருக்கட்டும் என்று, ஷீல்ட் சுற்றி வந்த பொலித்தீனையே அதற்குச் சுற்றி வைத்தான்.

"சொல்லியிருக்கலாமே?" என்றார் தலைவர். குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"எனத்துக்கு? மூணு தரம் வந்தீங்க. மூணு தரமும் அதுலதானே ஹெல்மெட்ட வெச்சீங்க? தெரியும்னு நெனச்சேன்."

தலைவர் குனிந்து அந்தக் கருகிய திரியைப் பார்த்தார். அவர் மனசில் ஓடியது வேறு விஷயம் என்பதை றிப்கா முகத்திலேயே கண்டாள். தைப்பொங்கலுக்கு மறுநாள், சுபவேளையில், நாதஸ்வரம் ரெக்கோட்டில் முழங்க, அவர் தன் கையால் ஏற்றியது பிணத்தின் தலைமாட்டு விளக்கு. அதன் வெளிச்சத்தில்தான் புது ஷீல்டுக்குப் பொட்டு வைத்தார். அன்றிலிருந்து கண் மங்கியதற்கு டாக்டர்கள் சொல்லாத காரணம் ஒன்று இப்போது அவருக்குக் கிடைத்திருக்கவேண்டும்.

"தலைவரே," என்றாள் றிப்கா, மிகவும் பணிவாக. "சங்கத்துச் சாமானச் சொந்தத் தேவைக்கு எடுத்தா என்ன செய்யணும்னு சொன்னீங்க?"

மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது.

"அது யாப்பு," என்றார் தலைவர். "யாப்பைத் திருத்தலாம்."

"திருத்த வேணாம். ஞாயித்துக்கெழம எழும்பி நின்னு, நான் கண்டது மின்விசிறின்னு சொல்லுங்க. அஜந்தனுக்குக் கேக்கிற மாதிரி. விளக்கு எங்க இருந்திச்சின்னு யாரும் கேட்டா, நானும் மாமாவும் வாயத் திறக்க மாட்டோம். அன்ஸாப் நானாவப் பத்திச் சொல்ல ஏலாது. அவரிட வாய் எங்களுக்குச் சொந்தமில்ல."

"என்ட வாய்க்கு என்ன?" என்றான் அன்ஸாப்.

பட்டணத்துக்குத் திரும்பும் வழியில் கலந்தர் பின்னாலிருந்து, பொலித்தீன் பற்றித் தனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம் இருந்ததாகத் தெரிவித்தார். றிப்கா வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவளும் போய்க் கடைசி வரிசையில், பாலாமணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைவர் எழுந்தார். மூக்குக் கண்ணாடி இல்லை. உண்மையை நாடுவோர் உண்மையைத் திருத்தவும் அஞ்சக்கூடாது என்று தொடங்கி, பல மலைகளைச் சுற்றி வந்து, கடைசியில் சொன்னார்: "அன்று நான் கண்டது மின்விசிறி." முன்வரிசையில் இருந்த அஜந்தன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தோள் மட்டும் ஒரு தரம் ஏறி இறங்கியது.

பாலாமணி றிப்காவின் பக்கம் சாய்ந்தாள். "அப்ப கதிரை வருமா?"

"வரும்."

"நல்லதுங்க," என்றாள் பாலாமணி. உட்கார்ந்திருந்த கதிரையை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தாள். "இதுல ஒரு கால் சரியில்ல. அதுக்குள்ள மாத்தச் சொல்லணும்."

காணாமல்போன விளக்கைத் தன் சொந்த முயற்சியில் மீட்டெடுத்த தலைவருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஒன்று கைதட்டலுடன் நிறைவேறியது. சங்கத்தின் உடைமைகளைப் பாதுகாக்க ஓர் உயர்மட்ட உபகுழு அமைக்கப்பட்டு, அதன் தலைமைப் பொறுப்பையும் தலைவரே ஏற்றுக்கொண்டார். விளக்கைப் புளி போட்டுத் துலக்கிக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டினார்கள்.

சாவி தேத்தண்ணிக் கடை ஆணியில் தொங்குகிறது.